முகாம் இல்லாத மே மாதம்: சின்னப் பிள்ளைகளோடு மதுரை வெயிலை எப்படிக் கடத்துவது?

செல்லூர்க்காரி, 20 ஏப்ரல் 2025, இரவு 9.40
பையனுக்கு 4, பொண்ணுக்கு 7. கோடை முகாம் எதுக்கும் அனுப்புறதா இல்ல. பகல்ல அப்பத்தாவோட வீட்டுல இருப்பாங்க, நாங்க வேலை முடிஞ்சு வர ஆறு மணி ஆகும். மணிக்கு மணி அட்டவணை போட்டுச் சுவத்துல ஒட்டினா சரியா வருமா? இல்ல போறபடி போகட்டும்னு விடணுமா?

ஓய்வு வாத்தியார், 20 ஏப்ரல், இரவு 10.15
மணிக்கு மணி வேண்டாம்மா. அட்டவணையை வெயிலே போட்டு வைத்திருக்கிறது. காலை 6 முதல் 8.30 வரை வெளியே. மாலை 5-க்கு மேல் இருட்டும் வரை வெளியே. நடுவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூரைக்குக் கீழே. இந்த நடுப்பகுதிதான் உங்கள் கேள்வி.

அதற்கு நேரம் குறிக்காதீர்கள், வரிசையை மட்டும் குறியுங்கள். சாப்பாடு, கையால் ஒரு வேலை, குளியல், சாப்பாடு, இருட்டு அறை, எழுந்ததும் மோர். தினமும் இதே வரிசை. நாலு வயதுக்குக் கடிகாரம் தெரியாது, எதற்கு அடுத்து எது என்பது தெரியும். ஒரு வாரம் மாறாமல் நடந்தால் அப்பத்தா வாய் வலிக்கக் கூப்பிட வேண்டியதில்லை, பிள்ளைகளே பாயை இழுத்துப் போடுவார்கள். மணி போட்டு எழுதினால் ஒரு கரண்ட் கட், ஒரு விருந்தாளி போதும், அட்டவணை உடைந்துவிடும்.

'கையால் ஒரு வேலை' நாளுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது வேண்டாம். மிச்ச நேரம் காலியாகக் கிடக்கட்டும்.

மொட்டைமாடி, 21 ஏப்ரல், காலை 7.05
வாத்தியார் ஐயா சொன்ன வரிசை சரி. ஆனால் ஏழு வயதுக்கு அது போதாது. 'இன்னைக்கு என்ன?' என்று காலையில் எழுந்ததும் கேட்கும் வயது அது. ஒரு டப்பாவில் சீட்டு போட்டு வையுங்கள்: வத்தல், சாயம், பல்லாங்குழி, விதை, மண் பொம்மை, தாயம் என்று. முந்தின நாள் ராத்திரி ஒன்றை எடுக்கட்டும். ராத்திரியே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வத்தலுக்கு ஜவ்வரிசி ஊற வேண்டும், மண் பிசைந்து வைக்க வேண்டும். காலையில் எடுத்தால் பாதி வேலைக்குப் பொருள் தயாராக இருக்காது.

ஓய்வு வாத்தியார், 21 ஏப்ரல், காலை 8.30
சீட்டு நல்ல யோசனை. 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய சீட்டும் இரண்டு மூன்று போட்டு வையுங்கள். அந்த நாளில் 'போரடிக்குது' என்று வந்து நிற்கும்போது உடனே எதையும் கையில் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் தலையணையும் பழைய சேலையும் கூடாரமாகிவிடும். பெரியவர்கள் அந்த அரை மணிக்குள் பயந்து போனை நீட்டுவதால்தான் கெடுகிறது.

செல்லூர்க்காரி, 21 ஏப்ரல், இரவு 9.10
டிவி, போன்? அப்பத்தாவுக்கும் சீரியல் இருக்கே.

வார்டு நர்ஸ், 21 ஏப்ரல், இரவு 11.20
2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் பையன் அந்தக் கணக்கில் வருகிறான். 'ஒரு மணி நேரம்' என்றால் அப்பத்தாவோடு பேரம் ஓயாது. தூங்கி எழுந்து மோர் குடித்த பிறகு, ஐந்து மணி வரை என்று முனையைக் கட்டிவிடுங்கள். ஐந்தானதும் வெளியே போகலாம் என்பதால் அணைப்பதில் சண்டை குறையும். தூங்குவதற்கு முன் வைத்தால் தூக்கமே போய்விடும்.

கண்மாய்க்கரை, 23 ஏப்ரல், காலை 5.50
மதினி, நுங்கு வந்திருச்சு, பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி கட்டிக் குடுங்க. வாங்குறப்ப சீவித் தர்ற நுங்கோட நிறுத்தாம, ரெண்டு முழுக் காயா வாங்குங்க. மேல்பக்கம் மட்டும் வெட்டி, நுங்கை விரலால நோண்டித் தின்னுட்டா கூடு மிஞ்சும். ரெண்டும் ஒரே பருமனா இருக்கணும், இல்லாட்டி வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஒரு அடி நீளக் குச்சியை ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்தி அச்சாக்குங்க. கவட்டையுள்ள நீளக் கம்பு, பையன் நெஞ்சு உசரத்துக்கு. கவட்டையை அச்சு மேல வச்சுத் தள்ளினா ஓடும். அச்சு வழுவழுன்னு இல்லாட்டி கவட்டை மாட்டிக்கும், பட்டையை உரிச்சுடுங்க. மூணு நாலு நாள்ல கூடு சுருங்கி அச்சு ஆடும், எறும்பும் மொய்க்கும். தூக்கிப் போட்டுட்டு வேற கட்டணும். காயை வெட்டுறது பெரியவங்க வேலை, அருவாகிட்ட பிள்ளைகளை விடாதீங்க.

மொட்டைமாடி, 24 ஏப்ரல், காலை 6.40
வத்தல் விவரம் சொல்கிறேன். சின்ன ஜவ்வரிசி 1 டம்ளர், ராத்திரி 2 டம்ளர் தண்ணீரில் ஊற வேண்டும். காலையில் 4 டம்ளர் தண்ணீர் கொதித்ததும் அதைக் கொட்டிக் கிளறி, மணி கண்ணாடி போல ஆனதும் இறக்கி, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கஞ்சியில் உப்பு குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தால் கூடிவிடும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். 9 மணிக்கு மாடிக்குப் போய் பிளாஸ்டிக் விரிப்பில் ஸ்பூனால் ஊற்றலாம்.

கண்மாய்க்கரை, 24 ஏப்ரல், காலை 7.15
ஒம்போது மணிக்கு மாடித் தரை சுடும், நாலு வயசுக் காலு தாங்காது. ஆறரைக்கு ஊத்தி ஏழரைக்கு இறங்கிடணும். அதுக்கு அஞ்சரைக்கே காச்சணும், இல்லாட்டி முந்தின ராத்திரியே காச்சி மூடி வச்சிரணும். இறுகிப் போச்சுன்னா சுடுதண்ணி விட்டுக் கலக்கிக்கலாம்.

மொட்டைமாடி, 24 ஏப்ரல், மதியம் 1.00
ஆமாம், ஆறரையே சரி. இன்னும் இரண்டு விஷயம். பழைய வேட்டியில் ஊற்றினால் மறுநாள் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்துத்தான் உரிக்க வரும். பிளாஸ்டிக்கில் தானே கழன்று வரும், உரிக்கிற வேலையைப் பிள்ளைகளே செய்யலாம். ஏழு வயதுக்குக் கை நிதானம் வந்துவிடும், வட்டம் வட்டமாக ஊற்றும். நாலு வயது ஊற்றுவது கண்மாய் மாதிரி விரியும். அது நடுவில் ஈரமாகவே நின்று பூஞ்சை பிடிக்கும். அவன் ஊற்றியதைத் தனியாக வைத்து ஒரு நாள் கூடுதலாகக் காய வையுங்கள். ஒடித்தால் 'படக்' என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் டப்பாவில் போடாதீர்கள்.

வார்டு நர்ஸ், 26 ஏப்ரல், இரவு 10.00
மிளகாய் அரைத்த கையோடு கண்ணைத் தேய்ப்பார்கள். மிளகாய் வேலை முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

மே 4-இல் கத்திரி வெயில் தொடங்குகிறது, 28 வரை. தண்ணீர் பற்றி இப்போதே சொல்கிறேன். பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் தாகம் கேட்காது. கேட்கும் வரை காத்திருக்காமல், அந்த வரிசையில் ஒவ்வொரு வேலை மாறும்போதும் அரை டம்ளர் கொடுங்கள். அளவுகோல் சிறுநீர்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை, அடர்மஞ்சளாகப் போகிறது, நாக்கு உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

வாந்தி, பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல்: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து, குத்துமதிப்பாகப் போடாதீர்கள். பாக்கெட் வாங்கினால் அது 200 மில்லிக்கா 1 லிட்டருக்கா என்று படித்துவிட்டு, அந்த முழு அளவையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பொடி, பாதித் தண்ணீர் என்று பிரித்தால் அளவு தப்பும். பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புத் தண்ணீர் இதற்கு ஈடாகாது.

உடம்பு கொதிக்கிறது, பிள்ளை உளறுகிறது அல்லது கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் அது வெப்பத் தாக்கு. துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்குக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வியர்க்குருவுக்குப் பவுடரை அப்பாதீர்கள், வேர்வைத் துளையைப் பவுடர் இன்னும் அடைக்கும். இரண்டு வேளைக் குளியல், பருத்திச் சட்டை, போதும்.

ஓய்வு வாத்தியார், 27 ஏப்ரல், காலை 9.00
இப்போது வீடுதோறும் புதுப்புளி கொட்டை எடுக்கிற காலம். கொட்டையை எறியாதீர்கள். பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு 5 என்று 70 வேண்டும். பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையை வெட்டி இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழாக்கலாம். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளலாம். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. ஆட்டத்தின் நடுவே உங்கள் பக்கக் குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். நாலு வயதுக்குப் பசுவைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் கொடுங்கள். நாலு என்கிற எண் அவன் கண்ணில் பதியும், எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

தாயத்துக்குக் கட்டை இல்லையென்றால் நாலு கொட்டையைச் சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தேய்க்கும்போது கொட்டை சூடாகும், அதைப் பக்கத்திலிருப்பவர் தொடையில் வைப்பார்கள், கவனம்.

ஏழு வயதுக்கு ஆடு புலி. 23 முனை, 3 புலி, 15 ஆடு. ஆடு அத்தனையும் வைத்து முடிக்கும்வரை ஆட்டை நகர்த்தக் கூடாது. தொடங்குகிற பிள்ளைகள் முதலில் புலிக்குப் பக்கத்திலேயே ஆட்டை வைத்து இழக்கும். விளிம்பிலிருந்து வைத்து வரச் சொல்லிக் கொடுங்கள். அப்பத்தாவுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும், அவரையே ஆசானாக்குங்கள்.

வார்டு நர்ஸ், 27 ஏப்ரல், இரவு 10.40
புளியங்கொட்டை மூக்கிலும் காதிலும் போகும், 3 வயதுக்குக் கீழ் யாராவது வீட்டுக்கு வந்தால் வாயிலும் போகும். மூக்கில் போனால் ஊக்கு, பட்ஸ் எதுவும் வேண்டாம், இன்னும் உள்ளே தள்ளும். மறு மூக்கை மூடிக்கொண்டு சீறச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி, ஈரத்தில் கொட்டை ஊதிவிடும். ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணி டப்பாவில் போடுவதை ஆட்டத்தின் பகுதியாகவே வைத்துவிடுங்கள்.

செல்லூர்க்காரி, 1 மே, மாலை 6.20
சீட்டு டப்பா, பல்லாங்குழி எல்லாம் ஓடுது, அப்பத்தாதான் ஜெயிக்கிறாங்க. சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? 8-ஆம் தேதி மீனாட்சி கல்யாணம், 9 தேர், 12 அழகர் ஆத்துல இறங்குறது.

மொட்டைமாடி, 1 மே, இரவு 8.00
12 அதிகாலை ஆற்றுக்குள் சின்னப் பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். தோளில் தூக்கி வைத்தாலும் திரும்பி வர வழி இருக்காது. அழகரை நின்று பார்க்க 11-ஆம் தேதி மூன்றுமாவடிப் பக்கம் அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை இருக்கிறது, அதற்குப் பிறகு வழிநெடுக அவர் நின்று போகிற மண்டகப்படிகள். ஏதாவது ஒரு மண்டகப்படியைத் தள்ளி நின்று, வெளியேற ஒரு சந்து பார்த்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். தேருக்கு மாசி வீதியின் நடுவில் நிற்காமல், தெரிந்தவர் வீட்டு மாடியோ திண்ணையோ பாருங்கள்.

கண்மாய்க்கரை, 1 மே, இரவு 9.30
கையில போன் நம்பரைப் பேனாவால எழுதிடலாம் மதினி.

வார்டு நர்ஸ், 1 மே, இரவு 11.00
தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்தில் பேனா எழுத்து அழிந்துவிடும், வேர்வையிலும் போகும். சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையின் உள்பக்கம் ஊக்குக் குத்துங்கள். பிள்ளையின் பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுத வேண்டாம். 'காணாமப் போனா நடக்காதே, அங்கேயே நில்லு, காக்கிச் சட்டை போட்ட போலீஸைக் கூப்பிடு' என்று முந்தின நாளே நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

ஓய்வு வாத்தியார், 2 மே, காலை 7.30
12-ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் மொட்டை மாடியில் நிலாச்சோறு வைக்கலாம். மேற்கே சூரியன் மறைகிற வேளையில் கிழக்கே நிலா எழும். இரண்டையும் ஒரே மாடியிலிருந்து பார்க்க வையுங்கள். புளியோதரை, தயிர்ச்சோறு, வத்தல்.

பகலுக்கு ஒன்று: ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் முனையில் காலை 7 முதல் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். உச்சியில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி நிழல் தெற்கே விழும். மே நடுவில் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் சுமார் 15 சென்டிமீட்டர்தான். உச்சி நம் ஊருக்கு 12 மணிக்கு இல்லை, 12.15-ஐ ஒட்டி. அந்த ஒரு கல்லை வைக்கச் செருப்பு, தொப்பியோடு இரண்டு நிமிடம் ஓடிவிட்டு வந்தால் போதும்.

மொட்டைமாடி, 3 மே, காலை 6.30
மாடி என்றதும் ஒரு எச்சரிக்கை. கைப்பிடிச் சுவர் பையனின் மார்புக்குக் கீழே இருந்தால் மாடியில் எந்த விளையாட்டும் வேண்டாம். சுவர் உயரமாக இருந்தாலும் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்த் தொட்டி ஏணி, பூந்தொட்டி இருந்தால் அதில் ஏறுவார்கள். படுக்கப் போவதானால் வெயில் தாழ்ந்து 6 மணிக்கு மேல் தண்ணீர் தெளியுங்கள். நாலு மணிக்கு ஊற்றுவது ஆவியாகிப் போகும், தரை மறுபடி சுடும்.

கண்மாய்க்கரை, 6 மே, காலை 5.40
அம்மாச்சி ஊருக்கு ஒரு வாரம் அனுப்புறவங்களுக்கு ஒண்ணு. தண்ணி வத்தின கண்மாய் தட்டையா தெரியும். மண் அள்ளின பள்ளத்துல மட்டும் தண்ணி நிக்கும். ஓரம் முழங்கால் ஆழம், ரெண்டு எட்டு வச்சா தலைக்கு மேல. பக்கச் சுவர் செங்குத்தா சேறா இருக்கும், நீச்சல் தெரிஞ்சவன்கூட ஏற முடியாது. வைகைக்குள்ளயும் இதே கதைதான். பிள்ளைகளை அனுப்புறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு, எங்க வரைக்கும் போகலாம்னு மரத்தைக் காட்டிச் சொல்லணும்.

பம்புசெட் தொட்டில குளிக்க விடலாம், சின்னவன் முழங்காலுக்குத் தண்ணி நின்னாப் போதும். ஆனா மோட்டார் ரூம் பூட்டியிருக்கணும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தா கரண்ட் வந்ததும் அதுபாட்டுக்கு ஓடும். கிணத்துக்குச் சுத்துச் சுவர் இல்லாத தோட்டமா இருந்தா, தொட்டிக் குளியலே வேண்டாம்.

செல்லூர்க்காரி, 10 மே, காலை 10.10
மாமா வீட்டுப் பிள்ளைகளும் வந்திருக்காங்க, இப்ப நாலு பேர். அப்பத்தாவால முடியல.

ஓய்வு வாத்தியார், 10 மே, மதியம் 12.40
நாலு பேரை ஒருவர் பார்ப்பது கஷ்டம்தான். தெருவில் இன்னும் இரண்டு வீட்டோடு பேசி, காலை 9 முதல் 12 வரை முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. சாப்பாடு அவரவர் வீட்டில். சாப்பாட்டையும் சேர்த்தால் நாலாவது நாள் மனக்கசப்பு வரும்.

ஒரு நாள் புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது. வெயில் உச்சத்தில் இரண்டு மணி நேரம் குளிர்ச்சியாக உட்கார நல்ல இடம். இன்னொரு நாள் கீழடி அருங்காட்சியகம். ஆனால் அதற்கு முன் இரண்டு மூன்று நாள், கட்டம் போட்டு நொண்டியடிக்கிற பாண்டி ஆட விடுங்கள். பழைய மண்சட்டி ஓட்டைத் தரையில் தேய்த்து வட்டச் சில்லு செய்து ஆட வேண்டும். அதன் பிறகு கீழடியில் தோண்டி எடுத்த வட்டச் சில்லுகளையும் பகடைக் காய்களையும் கண்டால் அவர்களே நின்றுவிடுவார்கள். சும்மா கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் 'எப்போ வீட்டுக்கு' என்பார்கள்.

மொட்டைமாடி, 11 மே, காலை 6.00
கீழக்குயில்குடி சமணர் மலையும் ஆகும். 6 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், எட்டரைக்குப் பாறை சுடத் தொடங்கும். ஐந்து வயதுக்கு மேல் மேலே ஏறலாம். சின்னவர்களுக்கு அடிவாரத்து ஆலமரமும் தாமரைக் குளமும் போதும். குளத்துப் படியில் ஆள் நிற்க வேண்டும். அழகர்கோவில் போனால் தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்கு பிள்ளைகள் கையிலிருந்துதான் பறிக்கும்.

இன்னொரு உள்வேலை, சாயம். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் கொண்டைக்கடலையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி. 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி மஞ்சள்தூள், 20 நிமிடம் கொதித்து ஆறியதும் துணி அரை மணி நேரம் ஊறட்டும். அவிழ்த்தால் வெள்ளை வட்டம். முடிச்சு தளர்ந்தால் வட்டத்துக்குள் மஞ்சள் புகுந்துவிடும், இறுக்குவது பெரியவர் வேலை. நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மஞ்சள் வெளிறும். உலர்ந்த துணியில் சோப்புத் தண்ணீரைப் பஞ்சால் தொட்டால் சிவக்கும், எலுமிச்சை தொட்டால் மறுபடி மஞ்சளாகும். ஒரு காலைப்பொழுது இதிலேயே போய்விடும். சுண்ணாம்பிலும் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் வெந்துவிடும், அது வேண்டாம்.

வார்டு நர்ஸ், 17 மே, இரவு 9.50
மாலையில் இடிமழை வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடி கேட்டால் மாடியிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. குருவிக்கு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தால் அதைத் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள், விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு கிளம்பும்.

செல்லூர்க்காரி, 24 மே, இரவு 9.00
வத்தல் ரெண்டு டப்பா ஆச்சு. விதைச் சீட்டு வந்தப்ப போட்ட வெந்தயக் கீரையும் பறிச்சுட்டோம். ராத்திரி பத்தரைக்குத்தான் தூங்குறாங்க, ஜூன் 2 பள்ளிக்கூடம். எப்படி மாத்துறது?

வார்டு நர்ஸ், 24 மே, இரவு 10.30
எழுப்புகிற நேரத்தை முதலில் முன்னால் நகர்த்துங்கள், நாளுக்கு 15 நிமிடம். எட்டு நாளில் இரண்டு மணி நேரம் வந்துவிடும், ராத்திரித் தூக்கம் பின்னாலேயே வரும். பெரியவளுக்குப் பகல் தூக்கத்தை இப்போதே நிறுத்தி, அந்த நேரத்தில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிற புத்தகம் கொடுங்கள். சின்னவன் தூங்கட்டும், ஆனால் மூன்று மணிக்கு மேல் விடாதீர்கள்.

மொட்டைமாடி, 25 மே, காலை 6.50
பள்ளி ஷூவை இன்றே போட்டுப் பாருங்கள். இவ்வளவு நாள் செருப்பில் திரிந்த கால், ஒரு அளவு கூடியிருக்கலாம். மாலையில் அளந்து வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி முழு அளவில் இருக்கும். வத்தல் டப்பாவை மழை ஈரம் தொடாமல் மேல்தட்டில் வையுங்கள், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வெயில் காட்டினால் போதும்.